கிட்டாரை விடாதே

"கிட்டார வுட்டுடாத ரம்யா! மேட்ட வுட்டு கீழ கால் வச்ச, செத்துடுவ!"

ஜெஸி போட்ட சத்தத்தில் ரம்யாவுக்கு உடம்பு விறைத்துப்போனது. அவள் கை கிட்டார் கம்பிகளின் மேல் இருந்தது. காலடியில் ஒரு பழைய ரப்பர் மேட். அதைச் சுற்றிலும், கவிழ்ந்த வாளியிலிருந்து தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது.

கிட்டாரிலிருந்து போன ஒயர், மேசைமேல் மூடி கழற்றிக் கிடந்த வால்வு ஆம்ப்ளிஃபயரில் சொருகியிருந்தது. ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் மைக்குக்கு ஓடிய பெட்டி. கல்லூரிக் கச்சேரிக்காக அதைக் கிட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரச் சொல்லி ரம்யாதான் கொடுத்திருந்தாள். சங்கராபுரத்தில் அந்த வேலை தெரிந்தவள், இந்த ரேடியோ ரிப்பேர் கடையை நடத்தும் ஜெஸி ஒருத்திதான்.

தண்ணீருக்குள் கலையரசன் நின்றான். ரம்யாவின் தாய்மாமன். நாளைக் காலையில் கரியாலூர்க் கோயிலில் அவளுக்குத் தாலி கட்டுவது என்று தானாகவே முடிவு செய்துவிட்டு, வெளியூரிலிருந்து வந்து வாசலில் காரை நிறுத்தியிருந்தான். முடியாது என்று அவள் சொன்னது எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

ரம்யா அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தாள். ஒயர் சரியாகப் பொருந்துகிறதா என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவன் நுழைந்தான். அவள் கையைப் பிடிக்க அவன் பாய்ந்ததும், ஜெஸியின் கால் பட்டு வாளி உருண்டதும் ஒரே நேரத்தில் நடந்தன.

"இன்னா நாடகம் இது? வாடி வெளியே!"

"ஐயோ, தொடாதீங்க! பொட்டியில கரண்டு எறங்கிக் கெடக்குது. பழைய பிளக்கு, எர்த் கெடையாது. கம்பி வழியா அவ ஒடம்புல ஏறிக்கினு கீது. ரப்பர் மேல நிக்கறதாலதான் உசுரோட கீறா. தண்ணியில நின்னுக்கினு நீங்க தொட்டீங்க, ரெண்டு பேரும் காலி! கிட்டார கீழ வுட்டாலும் தண்ணி முச்சூடும் கரண்டுதான்!"

கலையரசன் குனிந்து பார்த்தான். தோல் செருப்பு ஊறி, விரலிடுக்கில் தண்ணீர் நின்றது. நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது.

"அக்கா, எனக்கு ஒண்ணுமே தெரியலியே..." ரம்யாவின் பற்கள் அடித்துக்கொண்டன.

"தெரியாதுடீ. கால் தரையில பட்டாத்தான் தெரியும். ஆடாம நில்லு."

"அப்ப சுவிட்ச அமுத்தித் தொலை!" என்றான் கலையரசன்.

"அமுத்தினா போயிடுமா? வால்வு செட்டுங்க இது. வூட்டு கரண்டவிட ஜாஸ்தி உள்ளார தேங்கிக்கினு நிக்கும். தெரிஞ்ச ஆள் வந்துதான் எறக்கணும்."

ஜெஸி செல்போனை எடுத்தாள். எண் இரண்டு முறை தவறியது.

"பிச்சமுத்து அண்ணே, ரேடியோ செட் ஜெஸி பேசறேன். கடையில ஒரு பொண்ணு மாட்டிக்கினு கீது. உடனே வாங்க. லேட்டாச்சுன்னா பொண்ணு நமக்கு இல்ல."

ரம்யா வாசலைப் பார்த்தாள். பக்கத்து மாவு மில் ஓடவில்லை. அதன் வாசலில் எப்போதும் நிற்கும் பெண்களையும் காணோம். கத்தினால்கூட ஓடிவர ஆள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கிட்டாரை இறுகப் பிடித்தாள்.

கலையரசனின் பார்வை மூலையில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலுக்குப் போனது.

"பிளாஸ்டிக்ல ஷாக் அடிக்காதில்ல?"

ஜெஸி வாசலை எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அவன் ஸ்டூலை இழுத்து மேட்டுக்குப் பக்கத்தில் போட்டு, ஒரு காலை அதன்மேல் வைத்தான். அவனுடைய மூச்சு ரம்யாவின் கழுத்தில் பட்டது.

"மாமா, வாணாம் மாமா..."

வாசலில் ஜீப் வந்து நின்றது. மகளிர் ஸ்டேஷன் ஏட்டு செந்தமிழ்ச்செல்வி இறங்கினாள். பின்னாலேயே இன்னொரு போலீஸ்காரி.

"இன்னா ஜெஸி, என்னைப் போயி பிச்சமுத்து அண்ணேங்கற?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், உள்ளே பார்த்ததும் குரலை மாற்றினாள். "யோவ், யாருய்யா நீ? வெளிய வா."

"மேடம், உள்ள வராதீங்க, கரண்டு!" கலையரசன் ஸ்டூலிலிருந்து தடுமாறி இறங்கினான். "நம்ம வூட்டுப் பொண்ணுதாங்க. கூட்டிக்கினு போவ வந்தேன்."

"நான் போவமாட்டேன்." ரம்யாவின் குரல் முதலில் உடைந்தது, அப்புறம் கடைத்தெரு வரை கேட்டது. "எனக்கு இந்தக் கல்யாணம் வாணாம்! எங்கம்மாகிட்டயும் சொல்லிட்டேன், இவருகிட்டயும் சொல்லிட்டேன்!"

செந்தமிழ்ச்செல்வி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அவனை ஜீப்பில் ஏற்றினாள். வண்டி திரும்பி மறையும்வரை ஜெஸி வாசலிலேயே நின்றாள்.

ரம்யா இன்னும் மேட்டின் நடுவில்தான் இருந்தாள். கம்பி அழுந்தி விரல்களில் கோடு விழுந்திருந்தது.

"அக்கா, கரண்ட எறக்கற ஆள் எப்ப வருவாரு? இதுக்கு மேல என்னால நிக்க முடியல."

ஜெஸி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கி நேராக அவளிடம் வந்தாள்.

"வராதீங்க அக்கா! தொடாதீங்க!"

அலறிய பெண்ணை ஜெஸி இரண்டு கையாலும் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"காலைலேர்ந்து ஊருக்கே கரண்டு இல்லடீ."