விலைக்கு வந்த கம்பெனி

"என்ன விலை சொன்னாலும் சரி, குடுக்கறதுக்கில்ல" என்று சொல்லிவிட்டு இம்மானுவேல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

மும்பைக் கம்பெனியின் அதிகாரி வாதாடவில்லை. மடிக்கணினியைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். வழியனுப்ப வந்தவன் இம்மானுவேலின் மகன் மெர்வின். அவன் கையைப் பிடித்து, "நாளைக்கு வரைக்கும் மாட்டுத்தாவணி பக்கம் ஹோட்டல்லதான் இருப்பேன் சார்" என்றார்.

மூன்றாவது முறையாக வந்த ஆள். இந்த முறையும் கம்ப்ரஸரையோ, காற்றைப் பிரிக்கும் குளிர்கோபுரத்தையோ அவர் சரியாகப் பார்க்கவில்லை. காலையிலிருந்து மெர்வின் போன இடத்துக்கெல்லாம் பின்னாலேயே வந்து, அவன் யாரிடம் என்ன பேசுகிறான் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கார் கேட்டைத் தாண்டிப் போவதை மெர்வின் பார்த்துக்கொண்டே நின்றான். தலைக்கு மேலே 'ஞானம் ஆக்ஸிஜன்' என்ற போர்டு.

மிஷன் பள்ளியில் எழுத்தர் வேலையை விட்டுவிட்டு, மதுரையின் வெல்டிங் பட்டறைகளுக்கு மாட்டுவண்டியில் சிலிண்டர் கொண்டுபோய்ப் போட்டவர் தாத்தா ஞானம். ஒத்தக்கடையில் வயலாகக் கிடந்த இடத்தை வாங்கி, காற்றிலிருந்து ஆக்ஸிஜன் பிரிக்கும் ஆலையை எழுப்பியவர் அப்பா. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, ஒரு மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று சென்னை வேலைக்கு லீவு போட்டு வந்தவன் மெர்வின். அந்த மாதம் இன்னும் முடியவில்லை.

மேலூர் பட்டறைக்காரர்களுக்கு அவன் குரல் கேட்டால்தான் ஆர்டர் கொடுக்க மனசு வரும். ஆஸ்பத்திரிகளுக்கு அவன் நம்பர்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் மண்டியிடும்போதுகூட ஒரு கையில் போன் இருக்கும். கொரோனா சமயத்தில் சிலிண்டர்களுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்தவனால், அது ஓய்ந்த பிறகும் ஊரைத் தாண்ட முடியவில்லை.

மனைவி ஆன்சி பொறுத்துப் பார்த்தாள். பிறகு கோயம்புத்தூரில் டீச்சர் வேலை கிடைத்ததும் மகள் பெர்சியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இந்த முறை எப்படியும் விற்றுவிடுவோம் என்று நேற்றுத்தான் அவளிடம் சொல்லியிருந்தான். "போன தடவையும் இதத்தான் சொன்னீங்க" என்று மட்டும் சொன்னாள்.

மெர்வின் ஆபீஸுக்குள் திரும்பி வந்தான்.

"இன்னும் எம்புட்டு வருஷம்ப்பா என்னைய இதுல கட்டிப்போடப் போறீங்க?"

இம்மானுவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆன்சிகிட்டப் போறதுன்னா போப்பா. இங்க நான் பாத்துக்கறேன்."

"நாலு படி ஏறுனா உங்களுக்கு மூச்சு வாங்குது. நீங்க என்னத்தப் பாப்பீங்க? நான் போனா மறுநாளே பிளான்ட் நின்னுரும்."

"நின்னா நிக்கட்டும்."

"ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு யாரு பதில் சொல்றது? இப்படிச் சொன்னா நான் போகமாட்டேன்னு உங்களுக்குத் தெரியும். தாத்தா போர்டை எறக்க மனசில்ல, அத நேராச் சொல்லிருங்களேன்."

இம்மானுவேல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஆபரேட்டர் சோணைமுத்து கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.

"தம்பி, பிரஷர் எறங்குது. செத்த வாங்க."

மெர்வின் போனான். கோபுரத்தின் தகரத்தில் காதை வைத்துக் கேட்டான். எந்த வால்வு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு திருகு திருகியதும் பிரஷர் முள் மெல்ல மேலே ஏறியது. "நீங்க இல்லாட்டி என்ன பண்ணுவோமோ" என்றார் சோணைமுத்து, பாராட்டாக.

உள்ளே போகப் பிடிக்காமல் லோடு ஏற்றும் மேடைப் பக்கம் நடந்தான். காலி சிலிண்டர் மீது உட்கார்ந்து, அப்பாவுக்குத் தெரியாமல் அதிகாரிக்குப் போன் போட்டான்.

"சார், போயிராதீங்க. அப்பாவ நான் சம்மதிக்க வைக்கிறேன். அந்தப் போர்டு மேலதான் அவருக்குப் பிடிப்பு. பேர மாத்த மாட்டோம்னு மட்டும் சொல்லிப் பாருங்க."

"பேர எடுக்கறதுக்கு அவரு முதல் தடவையே சரின்னுட்டாரே சார். விலைக்கும் சரின்னுட்டாரு."

மெர்வின் எழுந்து நின்றான். "அப்பறம் எதுக்கு ஒத்துக்க மாட்டேங்கறாரு?"

"உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு. சொன்னா, குடும்பத்துக்குப் பணம் வருமேன்னு நீங்க உடனே சரின்னுருவீங்களாம்."

"எதுக்கு சரின்னுருவேன்?"

"உங்க பிளான்ட் ரொம்பப் பழசு சார். அத வச்சு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. பத்து வருஷத்துக்கு நீங்க இங்கயே இருந்து, உங்க கஸ்டமர் எல்லாரையும் எங்களுக்குப் பிடிச்சு வச்சுக் குடுக்கணும். அப்படின்னாதான் வாங்குவோம்னு சொன்னோம்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே மெர்வின் திரும்பிப் பார்த்தான். இம்மானுவேல் ஆபீஸை விட்டு இறங்கி வந்திருந்தார். சோணைமுத்துவின் தோளைப் பிடித்துக்கொண்டு, கோபுரத்தின் தகரத்தில் காதை வைத்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவரு விக்க மாட்டேன்னது உங்களத்தான் சார்."