வி, ஜி, பத்து எழுத்து

“வி-யைத் தலைகீழா வெச்சிருக்கே. திருப்பு!” என்றான் பிரேம்குமார்.

நஞ்சம்மா குனிந்து, அவள் இடுப்பளவு இருந்த அந்த ஸ்டீல் எழுத்தைப் புரட்டிப் போட்டாள். குருபரப்பள்ளி ஹைவே ஓரத்தில் அவளும் புருஷன் ராமப்பனும் நடத்துகிற பழைய இரும்புக் கடை அது. ராமப்பன் லோடு எடுக்க ஓசூர் போயிருந்தான்.

“தமிழ், கன்னடம், தெலுங்குன்னு மூணு பாஷை பேசறே. இங்கிலீஷ்ல ஒரு எழுத்து தெரியலியே உனக்கு!”

“காதுல வுழுந்தா பேச்சு வந்துருதுங்க சார். எழுத்துதான் வர்ல.”

“அந்த ஈ-யைக் கொடு.”

“எது, இந்தச் சீப்பு மாதிரி இருக்கறதுங்களா?”

“சீப்பு!” தலையில் அடித்துக்கொண்டான் பிரேம்குமார்.

பதினாலு வருஷம் ஓசூர் கம்பெனி ஒன்றில் இன்ஜினியராக இருந்தவன். போன மாதம் வேலையை விட்டுவிட்டு, சூளகிரிப் பக்கம் ஷெட் எடுத்து, இரண்டு மெஷின் இறக்கிவிட்டான். திங்கட்கிழமை திறப்பு விழா. பெயர்தான் இன்னும் கிடைக்கவில்லை.

கிருஷ்ணகிரி ஜோசியர் கறாராகச் சொல்லியிருந்தார். இங்கிலீஷ் வார்த்தையாக இருக்க வேண்டும். அதில் வி-யும் ஜி-யும் கட்டாயம் வர வேண்டும். பத்து எழுத்துக்குக் குறையவே கூடாது.

மூன்று வாரம் டிக்‌ஷனரியைப் புரட்டினான். மனைவி கவிப்ரியாவும் கூடவே தேடி, “நேவிகேஷன்” என்றாள். “நான் என்ன கப்பலா விடப்போறேன்?” என்றான். அடுத்த நாள் பயந்துகொண்டே, “வெஜிடேரியன்... பத்து எழுத்து சரியா வருதுங்க” என்றாள். “மெஸ் வெக்கறப்போ சொல்றேன், போ” என்றவன், அதன்பிறகு அவளிடம் கேட்கவே இல்லை.

இன்று ஷெட்டுக்கு ரேக் அடிக்கப் பழைய இரும்பு ஆங்கிள் வாங்க வந்தவன், கொட்டகை மூலையில் இந்த எழுத்துகள் குப்பையாகக் கிடந்ததைப் பார்த்தான். தூசியைத் துடைத்தால் கண்ணாடி மாதிரி மின்னியது. வி இருந்தது, ஜி-யும் இருந்தது. இதிலிருந்தே ஒரு பெயர் தேற்றிவிட்டால் போர்டும் ரெடி என்று சட்டைக் கையை மடித்துவிட்டான்.

“சார், இது எந்தக் கம்பெனி போர்டுன்னா...” என்று நஞ்சம்மா ஆரம்பித்தாள்.

“சொல்லாதே!” காதைப் பொத்திக்கொண்டான். “மூடிட்டு ஓடினவன் பேரு என் காதுல விழக்கூடாது. ராசியில்லாத பேரு. பேரு வெக்கவே தெரியாதவன் கம்பெனி நடத்திக் கிழிச்சானாக்கும்!”

அவள் அடுத்த எழுத்தைத் துடைக்கப் போனாள்.

வெயில் தகரத்தைச் சுட்டது. அவன் சொல்லச் சொல்ல அவள் எழுத்துகளை இழுத்து இழுத்து வைத்தாள். முதலில் ஸ்டீரிங் வந்தது. எட்டுதான், வி-யும் இல்லை. அடுத்து ரிலேட்டிவ்ஸ், ஒன்பது. “சொந்தக்காரங்கன்னு போர்டு மாட்டினா வெளங்கிடும்” என்று அதையும் காலால் கலைத்தான்.

“கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா சார்?”

“மூளை ஓடறப்போ குறுக்கே பேசாதே. உனக்கு இதெல்லாம் புரியாது.”

மத்தியானம் ஒரு மணிக்கு அவன் முகம் மலர்ந்தது. மடமடவென்று தானே எழுத்துகளைத் தூக்கி அடுக்கினான். விரல் விட்டு எண்ணினான். பதினொன்று!

“பாத்தியா? வி இருக்கு, ஜி இருக்கு. ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு!”

உடனே திறப்பு விழாப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸுக்குப் போன் போட்டான். “பாலாஜி, எழுதிக்கோ. ஈ, வி, ஈ, ஆர், எல், ஏ, எஸ், டி, ஐ, என், ஜி. இன்னிக்கே ஓட்டிடு.”

நஞ்சம்மா எழுத்துகளை எடை போட்டு மினி லாரியில் ஏற்றி முடிக்கையில், பாலாஜியே கூப்பிட்டான். ஐந்நூறு பத்திரிகையும் அடித்தாகிவிட்டது, பாதியை அவன் தம்பி கொரியரில் போடவும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பிரேம்குமாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. கை கழுவிக்கொண்டிருந்த நஞ்சம்மாவைக் கூப்பிட்டான்.

“என் கம்பெனி பேரு என்ன தெரியுமா? எவர்லாஸ்டிங்! அப்படின்னா என்னிக்குமே அழியாததுன்னு அர்த்தம். எங்கே, நீ ஒரு தடவை சொல்லு பாக்கலாம். நாக்கு சுளுக்கிக்கும்.”

நஞ்சம்மா ஈரக் கையோடு அப்படியே நின்றாள். அவனைப் பார்த்தாள். லாரியைப் பார்த்தாள்.

“எவர்லாஸ்டிங்” என்றாள். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

“அட! இதை எங்கே கத்துக்கிட்டே?”

“நான் அங்க பெருக்கற வேலை பாத்தேனுங்க சார். பத்தே மாசம். அப்பறம் மூடிட்டாங்க.”

“எங்கே?”

“இந்த எழுத்தெல்லாம் கழட்டுனோமே, அந்தக் கம்பெனிலதானுங்க.”