ஐலியின் நேரம்

அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

நீச்சலுடையைக் கழற்றுவதற்கே பெரும்பாடு பட்டாள். கறுப்புக் கம்பளி. தண்ணீரைக் குடித்துக் குடித்து, நனைந்த ஆட்டைப் போல உடம்பில் தொங்கியது. உடை மாற்றும் அறையின் மரத்தரையில் அதை விட்டெறிந்தாள். சொத்தென்று விழுந்தது.

போட்டியில் ஆறு பேரில் ஆறாவது.

ஃபின்லாந்தின் வேகமான பெண் என்று ஸ்டாக்ஹோம் பத்திரிகைகள் நேற்றுத்தான் எழுதியிருந்தன. நூறு மீட்டர், எண்பத்து நான்கு நொடி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் அது சாதாரண வேகம் இல்லை. பொய்யும் இல்லை. ஹெல்சிங்கியின் பெண்கள் குளிதுறையில் மூன்று பேர் மூன்று கடிகாரத்தில் பார்த்தது.

ஆனால் அந்தக் குளிதுறையைச் சுற்றி ஆளுயரப் பலகை வேலி. உள்ளே பெண்கள் மட்டும். பள்ளி ஆசிரியையிலிருந்து மீன்காரி வரை எல்லோரும் ஒட்டுத்துணி இல்லாமல்தான் நீந்துவார்கள். தண்ணீருக்குள் எதற்குத் துணி? ஐலிக்கு இருபத்திரண்டு வயது. பதினான்கு வருடமாக அப்படித்தான் நீந்தினாள்.

போட்டியில் உடை கட்டாயம் என்று தெரிந்ததும் அணி மேலாளர் ஸ்டென்மனுக்கு ஏப்ரலில் எழுதினாள். மே மாதம் மறுபடி எழுதினாள். பழக வேண்டும், சீக்கிரம் அனுப்புங்கள். பதிலே இல்லை. இன்று காலை ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டுகிறார் மனிதர்!

"இதைப் போட்டுக்கிட்டு நான் நீந்தினதே இல்லைங்க."

"அப்ப பழசையே போட்டுக்கோயேன்."

"பழசுன்னு ஒண்ணு இல்லவே இல்லை."

அவருக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் காது வரை சிவந்து, வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். இந்த ஆளிடம் என்னத்தைச் சொல்லி விளங்கவைப்பது?

கதவு தட்டப்பட்டது. மேலங்கியைப் போட்டு, இடுப்புக் கயிற்றை முடிந்துகொண்டு வெளியே வந்தாள்.

ஸ்டென்மன்தான். அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளி, பென்சிலும் கையுமாக நான்கு நிருபர்கள்.

"உனக்கு ஜலதோஷம்னு சொல்லிட்டேன்" என்று கிசுகிசுத்தார். "ரெண்டு தடவை இருமிடு, போதும். இல்லேன்னா அந்த எண்பத்து நாலே பொய்யின்னு எழுதிடுவாங்க. அடுத்த வருஷம் பொண்ணுங்களை அனுப்பவே விடமாட்டாங்க."

பதினான்கு வருடத்தை இரண்டு இருமலில் முடித்துக்கொள்ள வேண்டுமாம்.

ஆண்கள் போட்டிக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பார்வையாளர்கள் யாரும் எழுந்து போகவில்லை. எதிரே குளம் காலியாகக் கிடந்தது.

நிருபர்கள் அவள் வாயையே பார்த்தார்கள்.

அவள் இருமவில்லை. ஸ்டென்மனைத் தாண்டிக் குளத்தின் விளிம்புக்குப் போனாள்.

"உங்க கடிகாரத்தை எடுங்க" என்றாள்.

பிறகு கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள்.