உலராத பக்கம்

நோட்டு மூடியிருந்தது.

காலையில் அதை விரித்து வைத்துவிட்டுத்தான் அவள் அலுவலகம் போனாள். மேசை மேல், மின்விசிறிக்கு நேர் கீழே. பசை காய வேண்டும்.

மின்விசிறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நோட்டின் மேல் இஸ்திரிப் பெட்டி.

பெட்டியை நகர்த்திவிட்டு அட்டையைத் தூக்கினாள். முன்பக்கங்கள் வழக்கம்போலப் புரண்டன. பழைய பேருந்துச் சீட்டுகள். தேநீரில் தோய்த்த தாள். கிழித்து ஒட்டிய வரைபடத் துண்டு. மருந்துச் சீட்டின் மேல் வெள்ளைப் பூச்சு, அதன் மேல் அழுத்திய இலையின் நரம்புகள்.

நடுவில் இரண்டு பக்கங்கள் மட்டும் ஒன்றாக வந்தன.

அட்டை மாதிரி கனத்து.

ஈரப் பக்கத்தை மூடுவதானால் நடுவே பசை ஒட்டாத பட்டர் பேப்பர் வைக்க வேண்டும். இப்படி நோட்டில் ஒட்டும் வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் கற்பது அதைத்தான். அவள் வைக்கவில்லை. திறந்தேதான் இருக்கும் என்று நினைத்தாள்.

அதைவிடப் பெரிய தவறு, நகல் எடுக்காமல் அசலையே ஒட்டியது.

அசல் ஒரு சின்னத் தாள். மருத்துவமனையில் மை தடவி எடுத்தது. இரண்டு பாதங்கள்.

அவள் குழந்தை இரண்டு நாள்தான் இருந்தது. யாரும் புகைப்படம் எடுக்கவில்லை. பெயர் வைக்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அந்தத் தாள் மட்டும்தான்.

அலுவலகத் தோழி ஒருத்திதான் இந்தப் பழக்கத்தைத் தொற்றவைத்தாள். ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டு, அடியில் இருப்பது பாதி தெரிய வேண்டும், பாதி தெரியக் கூடாது என்றாள். இவளும் முப்பது பக்கம் எதையெதையோ ஒட்டினாள். இன்று காலைதான் அந்தத் தாளை எடுத்தாள். ஒட்டி, மை அழியாமலிருக்க மேலேயும் ஒரு தடவை பசை பூசினாள். ஓரத்தில் தேதி எழுதினாள்.

மூடியது யாரென்று கேட்க வேண்டியதில்லை. பகலில் வீட்டில் இருப்பது மாமியார் மட்டும்.

மூடுகிறவர்தான் அவர்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று தொட்டில் கொக்கி கழற்றப்பட்டிருந்தது. அந்த இடத்தில் சுண்ணாம்பு. குழந்தைக்கென்று மாமியார் தன் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, துவைத்து, மடித்து வைத்திருந்த எட்டுத் துணிகளும் அலமாரியில் இல்லை. ஏழு மாதமாக அந்தப் பேச்சும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் ஒட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றார்.

"ஊருல எல்லாரும் வேண்டாத பேப்பர வெளிய போடுவாங்க. நீ உள்ள வச்சு ஒட்டுற."

அவ்வளவுதான்.

ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்தாள். ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். பசை இளக வேண்டும். தாள் சுருளக் கூடாது.

தையல் நூலை இரண்டு கை விரல்களிலும் சுற்றினாள். மூலையில் நுழைத்து, அறுப்பதுபோல மெல்ல இழுத்தாள்.

மூலை விட்டது. பக்கத்தில் அடித்திருந்த வெள்ளைப் பூச்சு கொஞ்சம் எதிர்ப்பக்கத்தோடு போனது.

போகட்டும்.

தேதி எதிர்ப்பக்கத்தில் இடவலமாக மாறிப் பதிந்திருந்தது.

போகட்டும்.

மறுபடியும் சூடு. மறுபடியும் நூல்.

நடுவில் நூல் எதிலோ தட்டியது. காகிதமில்லை.

வாசற்படியில் நிழல் விழுந்தது. உரித்த வெங்காயத்தின் வாசனை.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் ஏழு மாதத்தையும் சொல்லிவிடுவாள்.

"ஏன் அத்தை மூடுனீங்க?"

நூலைக் கடைசிவரை இழுத்தாள்.

பக்கம் பிரிந்தது.

பாதங்களைக் காணவில்லை.

அந்த இடத்தில் ஒரு துணி. உள்ளங்கை அளவு. கத்தரிக்காமல் கையால் கிழித்தது. நீலக் கட்டம், வெளுத்து வெளுத்து ஆகாச நிறமாகியிருந்தது.

அந்த எட்டுத் துணிகளில் ஒன்றின் துண்டு.

ஒரு சுருக்கம்கூட இல்லை. யாரோ விரலால் நீவிவிட்டதுபோல ஒட்டியிருந்தது.

"காலு ரெண்டும் தொறந்து கெடந்துச்சும்மா," என்றார் மாமியார். "மேல ஃபேன் வேற ஓடுது."

டிரையரை அணைத்தாள்.

"துணி பறந்துச்சு. அதான் மூடி வச்சேன்."

துணியின் கீழ் ஓரத்தை ஈரப் பஞ்சால் ஒற்றினாள். நூல் நூலாகத் தூக்கினாள். குதிகால்கள் இருந்தன. உள்ளங்கால்கள். பிறகு விரல்கள். எண்ணினாள்.

ஒன்பது.

இடது காலின் சுண்டுவிரல் துணியோடு வந்திருந்தது. கடுகளவு மை.

மாமியார் பக்கத்தில் வந்து குனிந்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். தொடவில்லை.

"மிச்சத் துணியெல்லாம் எங்க அத்தை?"

"எங்க போவும். என் தலகாணி உறைக்குள்ளதான் கெடக்கு."

அவள் துணியைப் பழையபடி கீழே இறக்கினாள். சுண்டுவிரல் அதன் இடத்தில் போய்ச் சேர்ந்தது.

தூரிகையை எடுத்தாள். துணியின் மேல் ஓரத்துக்கு மட்டும் பசை தடவினாள். மற்ற மூன்று பக்கத்தையும் விட்டுவிட்டாள். தூக்கிப் பார்க்கலாம். திரும்ப மூடலாம்.

இனி அது காய வேண்டும். மெதுவாகவே காயட்டும்.

எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள்.