முகப்பு மயில்

பழைய கட்டடச் சாமான் கொட்டகைக்குள் வந்ததிலிருந்து வெங்கிடாசலம் அந்த மயிலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. பார்த்த பார்வையிலேயே பின்சிக்குப் புரிந்துவிட்டது. ஆசை முற்றிப்போன கிராக்கி.

வேறு நாளாக இருந்தால் காபி வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருப்பாள். இன்று முடியாது. மயில் ஏற்கெனவே விலைபோய்விட்டது. சின்னக்கானல் ரிசார்ட்டிலிருந்து வரும் லாரி கொழிஞ்சாம்பாறையைத் தாண்டிவிட்டதாக இப்போதுதான் போன் வந்திருந்தது.

கோயம்புத்தூரில் ஒரு பழைய சினிமா தியேட்டரை இடித்தபோது, அதன் முகப்பிலிருந்து பெயர்த்து வேலந்தாவளத்தில் இருக்கும் அவள் கடைக்குக் கொண்டுவந்தது அது. தோகை விரித்த சிமெண்ட் மயில். நல்ல ஆள் உயரம். லாரியில் ஏற்றத் தோதாக இரும்புச் சங்கிலியில் தூக்கித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"ஏனுங்ண்ணா, வேற ஏதாச்சும் பாருங்க. தேக்குத் தூணு இருக்குது, கலர் கண்ணாடி சன்னல் இருக்குது."

"இது போதும் அம்மிணி. இடிச்ச நாள்ல இருந்து இதத்தான் தேடிட்டுத் திரியறேன்."

பின்சி அவருக்கு முகம் கொடுக்காமல், மயிலைச் சுற்றச் சாக்கை எடுத்துக்கொண்டு அதன் அடியில் போனாள். வெங்கிடாசலம் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"கீழ போகாதீங்க!"

அடுத்தவர் கை பட்டால்கூடப் பொறுக்காது போலிருக்கிறது. பின்சி எரிச்சலோடு கையை உதறிக்கொண்டாள்.

வாசலில் ஹாரன் கேட்டது. டிரைவர் ரிஜின் லாரியைப் பின்னால் எடுத்து நிறுத்தினான்.

"இத எங்க கொண்டுபோயி வெப்பாங்க?" வெங்கிடாசலம் கேட்டார்.

"சாப்பாட்டு ஹால் வாசலுக்கு மேலயாமுங்க. டூர் வர்ற புள்ளைங்க கீழ நின்னு போட்டோ எடுத்துக்கும்னாங்க."

அவர் முகம் வெளுத்தது. விறுவிறுவென்று போய் லாரியின் பின்பக்கத்தை மறித்து நின்றுகொண்டார்.

"அவங்க குடுத்ததுக்கு மேல நான் தர்றேன். ஏத்தாதீங்க அம்மிணி, உங்க கால்ல வேணாலும் உழுகறேன்!"

ரிஜின் கத்தினான். சங்கிலியைப் பிடித்திருந்தவர்கள் பின்சியைப் பார்த்தார்கள். கொடுத்த வாக்கை மீறவும் அவளுக்கு மனமில்லை. காலில் விழத் தயாராக நிற்கிற மனுஷனைத் தள்ளிவிட்டு ஏற்றவும் மனமில்லை. மயிலைத் தரையில் இறக்கச் சொன்னாள்.

"சரிங்ண்ணா, உங்களுக்கே குடுத்தர்றேன். ரிசார்ட்காரருகிட்ட நான் பேசிக்கறேன். இத்தன பெருசை ஊட்டுல எங்க வெப்பீங்க?"

"ஊட்டுக்கு வேண்டாமுங்க. இங்கயே ஒடச்சுப் போடச் சொல்லுங்க."

பின்சி திகைத்துப்போனாள்.

"என்னுங்ண்ணா சொல்றீங்க? இத்தன அழகான மயிலையா?"

வெங்கிடாசலம் தலையைக் குனிந்துகொண்டார். 

"தியேட்டரு வாசல்ல இதோட சோடி மயிலு தலைல உழுந்துதான் அம்மிணி, எம் பொண்ணு செத்துப்போனா."