சீரான நீரோட்டம்

மீன்பாடு உள்ள நேரத்தில் ஆஸ்பத்திரியில் படுக்கத் தொம்மைக்கு மனமில்லை. கண்புரை அறுவை எந்திரத்தைப் படகிலேயே ஏற்றிக்கொண்டு கடலுக்கு வந்துவிட்டார். அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

படகில் மல்லாந்து படுத்திருந்த அவர் முகத்தின்மேல் கவிந்திருந்த எந்திரம் அறிவித்தது: "நீரோட்டம் சீராக உள்ளது."

தொம்மைக்குக் குஷி தாங்கவில்லை. "மாப்ள, நீரோட்டம் சீரா இருக்காம். வலைய விடு!"

மச்சான் சொன்னால் மறுபேச்சில்லாத லடிஸ்லாஸ் வலையை விட்டான்.

புரையை எடுத்து முடித்து எந்திரம் விலகியது. தொம்மை எழுந்து பார்த்தார். கடல் வலையை இழுத்துக்கொண்டு ஓடியிருந்தது.

"எந்த நீரோட்டம்லே சீரா இருக்கு?" என்று எந்திரத்தின்மேல் பாய்ந்தார்.

"புரையைக் கழுவி எடுக்க உங்கள் கண்ணுக்குள் ஓடியது, ஐயா."

லடிஸ்லாஸ் தலையில் கைவைத்தான். "போச்சு மச்சான், வலையே தெரியல."

"எனக்குத் தெரியுதுலே!" தொம்மை துள்ளினார். "அந்தா, வலையோட சிவப்பு மிதப்பு! படகைத் திருப்பு!"