அந்திச் சூரியன் சாட்சி

லெமுவேலின் நிம்மதியைக் கெடுத்தது ஒரு படம். அதுவும் அவர் இன்னும் கண்ணால்கூடப் பார்த்திராத படம்.

பக்கத்துப் பண்ணைக்காரி திர்ஸா ஜூலையில் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அந்தச் சமயம் பார்த்து, இரு பண்ணைக்கும் நடுவிலிருந்த கல்சுவரை மாடு பூட்டி இழுத்து அவள் பக்கம் தள்ளி வைத்துவிட்டார் லெமுவேல். எல்லாம் அவள் நிலத்து ஊற்றுக்காகத்தான். அமெரிக்காவின் காட்ஸ்கில் மலையடிவாரமே காய்ந்து கிடந்த கோடை அது.

திரும்பி வந்த திர்ஸா ஊரையே கூட்டிவிட்டாள்.

"சுவரு எப்பவும் இங்கதான் இருந்துச்சு. உனக்குத்தான் கண்ணு மங்கிடுச்சு, திர்ஸாம்மா," என்று சாதித்தார் லெமுவேல்.

"அடப்பாவி! ஊற்றுத் தண்ணி குடிச்ச வாயாலயே பொய் சொல்றியே!"

வேலிப் பஞ்சாயத்துக்கென்று ஊர் தேர்ந்தெடுத்திருந்த சர்ச் ஊழியர் டீக்கன் ப்ராட், "சாட்சி யாரும்மா?" என்றார்.

அவள் வீட்டில் தங்கியிருந்த ஓவியர் விட்கம்மைக் கை காட்டினாள். "இவர் ஜூன் மாசமே குன்று மேல உக்காந்து, சூரியன் மறையுற நேரத்துல பள்ளத்தாக்கு மொத்தத்தையும் வரைஞ்சுட்டார்."

"சுவர் எங்க நின்னுச்சுன்னு எனக்கு ஞாபகமில்லைங்க. மேகம் எங்க நின்னுச்சுன்னா சொல்லுவேன்," என்றார் விட்கம். "ஆனா என் படத்துல உள்ளது உள்ளபடிதான் இருக்கும். ஒரு கல்லு மாறாது, சத்தியம்! வார்னிஷ் காயட்டும், ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் காட்டுறேன்."

"அப்ப படம் சொல்றதுதான் தீர்ப்பு," என்றார் டீக்கன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினார் லெமுவேல்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே சர்ச்சில் இருந்தது. பல்வலி என்று வீட்டில் தங்கிவிட்ட லெமுவேல், திர்ஸாவின் கொட்டகைக்குள் நுழைந்து, அங்கே காய வைத்துத் துணி மூடியிருந்த படத்தை அப்படியே தூக்கிவந்தார். பிரித்துப் பார்க்கக்கூடப் பொறுமையில்லை. முழங்காலில் வைத்து முறித்து அடுப்பில் திணித்தார். வார்னிஷ் நன்றாகவே எரிந்தது. அப்பாடா என்றிருந்தது.

படம் காணோம் என்றதும் டீக்கன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"படத்தைப் பார்த்து பயப்படுறவன்தானே அதைத் திருடுவான்? இன்னைக்கு சர்ச்சுக்கு வராதது நீ ஒருத்தன்தான், லெமுவேலு. மரியாதையா சுவரைப் பழைய இடத்துல கொண்டுபோய் வை. பல்வலிக்குக் கல்லு தூக்குறது ரொம்ப நல்லது."

ஊர் சிரித்தது. மறுநாள் காலையிலிருந்து லெமுவேல் முதுகு ஒடியக் கல் சுமந்துகொண்டிருந்தார். அந்தப் பக்கம் வந்த விட்கம், சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அவர் காதருகே குனிந்தார்.

"யார் எடுத்தாங்களோ, மகராசன் நல்லா இருக்கணும், என் மானம் தப்பிச்சுது! உள்ளது உள்ளபடின்னு சொல்லித்தானுங்க என் படமெல்லாம் விக்குது. ஆனா அந்தச் சுவர் அழகைக் கெடுக்குதேன்னு, அதைத் திர்ஸாம்மா மாட்டுக்கொட்டகை வரைக்கும் தள்ளி, ஊற்று, புல்வெளி எல்லாத்தையும் உங்க பக்கமா வரைஞ்சு வெச்சிருந்தேன்!"